எல்லாரும் சம்மதித்த கதவு

"கதவு பொய் சொல்லாது மேடம். மனுஷங்கதான் சொல்லுவாங்க" என்றார் தலைமை நூலகர்.

மணி இரண்டு. நான்கு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவார். வந்ததும், எதிரே கைக்குட்டையைக் கசக்கியபடி நிற்கும் பகல் காப்பாளரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார். மிச்சமிருப்பது இரண்டு மணி நேரம்.

அண்ணி இரும்புக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துப்பறியும் அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் அவளுக்கு நல்ல நீளமான பெயர் ஒன்று உண்டு. ஆனால் உதவியாளனாக இருப்பவன் கணவனின் தம்பி. கட்சிக்காரர் முன்னால், போலீஸ் முன்னால், ஒருமுறை கொலைகாரன் முன்னாலும் "அண்ணி, அண்ணி" என்று அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஊருக்கே அவள் அண்ணியாகிப் போனாள். பழிக்குப் பழியாக அவள் அவனுக்கு வைத்த பெயர் கமா. அவன் பேச்சில் முற்றுப்புள்ளி வந்து யாரும் பார்த்ததில்லை.

அது வரைபட நூலகத்தின் மூன்றாவது மாடி. கதவுக்குப் பின்னால் பழைய கடல் வரைபடங்கள். அதில் ஒன்று, முந்நூறு வருடப் பழசு, மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்குகிற அளவு, நேற்றுப் பகலில் காணாமல் போய்விட்டது.

"நாளைக்குக் காலையில ஒரு ஆராய்ச்சி மாணவி அதைப் பார்க்க ரயிலேறி வருது. எந்த முகத்தோட நிப்பேன்?" என்றார் தலைமை நூலகர்.

"இருக்கிற முகத்தோடதான் சார். வேற மாத்தவா முடியும்" என்றான் கமா.

அண்ணி அவன் காலை மெதுவாக மிதித்தாள்.

கதவின் பக்கத்தில் ஒரு பெட்டி. அதில் மூன்று துளைகள். பணிக்கு வரும் காப்பாளர் தன் அட்டையைத் துளையில் செருகினால் பணியில் இருக்கிறார் என்று அர்த்தம். உருவினால் இல்லை. கீழே கட்டைவிரல் வைக்க ஒரு கண்ணாடிச் சில்லு. விரல் வைத்தால் சம்மதம். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பச்சைப் பட்டன். அதை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். திறப்பதா வேண்டாமா என்பதைப் பெட்டி முடிவு செய்யும்.

முதல் துளையில் பகல் காப்பாளரின் அட்டை. இரண்டாவது காலி. அது மாலைக் காப்பாளருடையது, அவர் சாப்பிடப் போயிருந்தார். மூன்றாவது துளையின் மேல், கடையிலிருந்து வந்தபோது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் அப்படியே இருந்தது.

"இது யாருக்கு?"

"எனக்கு. நான் எங்கே மேடம் காவல் உட்காரப் போறேன்? பொட்டி வந்து ரெண்டு வருஷமாச்சு, இன்னும் தொட்டதில்லை."

பெட்டிக்கு மேல் பித்தளைத் தகட்டில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. ஓப்பன் இஃப் எவ்ரி கீப்பர் ஆன் டியூட்டி அக்ரீஸ்.

"பணியில இருக்கிற ஒவ்வொரு காப்பாளரும் சம்மதிச்சா கதவைத் திற. நானே எழுதினது" என்றார் தலைமை நூலகர். "இதைப் பூட்டுக் கம்பெனிக்காரன் ஏதோ குறியா மாத்தி உள்ளே ஏத்தியிருக்கான். எனக்கு அதெல்லாம் கோழி கிளறின மண்ணு. ஆனா வேலை செய்யுது. இந்தாங்க."

பெட்டி துப்பிய காகிதத் துண்டை நீட்டினார். கதவு திறக்கும்போது மட்டும் அது அச்சடிக்கும். யார் அட்டையைச் செருகினார், யார் உருவினார் என்பதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளாது.

கதவு திறந்தது: பகல் 1.06
பணியில் உள்ள எல்லாரும் சம்மதமா: ஆம்
சம்மதித்தவர்கள்:

அவ்வளவுதான். மூன்றாவது வரிக்குப் பின்னால் வெறும் வெள்ளை.

"பேரைக் காணோமே?"

"மை தீர்ந்திருக்கும். அது ஒரு நாள் அடிக்கும், ஒரு நாள் அழும். பேர் எதுக்கு மேடம்? ஒரு மணிக்கு மாலைக் காப்பாளர் வரணும், நேத்து லேட்டு. அதனால டியூட்டியில இருந்தது இவ ஒருத்திதான். டியூட்டியில இருந்த எல்லாரும் சம்மதிச்சாங்கன்னு மிஷின் சொல்லுது. அப்போ இவ சம்மதிச்சிருக்கா. இதுக்கு மேல என்ன வேணும்?"

பகல் காப்பாளர் நிமிர்ந்தாள். அண்ணியை வரவழைத்த கட்சிக்காரர் அவள்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தாள்.

"நான் சீட்டுலதான் இருந்தேன் மேடம். யாரும் வரலை. நான் விரல் வைக்கலை."

"சீட்டுல இருந்தேங்கிற, கதவு திறந்திருக்குங்கிறேன், விரல் வைக்கலைங்கிற. மூணுல ஒண்ணு பொய்" என்றார் தலைமை நூலகர்.

அண்ணி காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். முதல் இரண்டு வரியும் கன்னங்கரேலென்று இருந்தன. "சம்மதித்தவர்கள்" என்ற சொல்லும் அப்படித்தான். சரியாகப் பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் மை தீர்ந்திருக்கிறது.

"சார், சும்மா ஒரு சந்தேகம்" என்றான் கமா. "டியூட்டியில யாருமே இல்லைன்னா கதவு என்ன பண்ணும்?"

"என்ன பண்ணும்? சம்மதிக்கவே ஆள் இல்லையே. கல்லு மாதிரி நிக்கும். அதோட, சாயங்காலம் பூட்டும்போது வெளியில இரும்பு ஷட்டரும் இறக்கிடுவோம்."

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் அண்ணி. "அந்தப் பூட்டுக் கம்பெனிக்காரன் விலாசம் கொடுங்க."

தலைமை நூலகர் தன் அறைக்குப் போய் எழுதிக் கொடுத்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவர் நிறைய ஒரு சட்டம். நீலக் கடல், நடுவில் பச்சையாக ஒரு தீவு. அவர் எழுதி ஒன்பது பதிப்பு போன தீவு வரலாற்றின் அட்டைப்படம். பக்கத்து ஜன்னலில் மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டு தெரிந்தது.

ஸ்கூட்டரை அண்ணி ஓட்ட, பின்னால் உட்கார்ந்த கமா சீப்பை எடுத்துத் தலை வாரினான்.

"எதுக்குடா இப்போ அலங்காரம்?"

"கம்பெனின்னா ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு இருக்கும் அண்ணி. நமக்குன்னு ஒரு தரம் இருக்கில்ல. என்னோட காதலிகள் எல்லாருமே அழகிங்க."

"உனக்குத்தான் ஒரு காதலியும் கிடையாதே."

"அதனாலதான் இதுவரைக்கும் யாராலயும் மறுத்துப் பேச முடியலை."

ரிசப்ஷனும் இல்லை, பெண்ணும் இல்லை. சைக்கிள் கடைக்கு மேல் ஒரே ஒரு அறை. ஐம்பது வயது மனிதர் ஒருவர், சட்டைப்பையில் மூன்று பென்சில்களோடு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பூட்டுக் கம்பெனியில் எல்லாரும் அவரைச் சூத்திரம் என்றுதான் கூப்பிடுவார்களாம். வாடிக்கையாளர்கள் எழுதி அனுப்பும் ஆங்கில வாக்கியங்களை இயந்திரத்துக்குப் புரியும் தர்க்கக் குறிகளாக மாற்றுவது அவர் வேலை.

சுவரின் இடப்பக்கம் ஆங்கிலம். துணைக்குப் பெரியவர் இல்லாமல் எந்தக் குழந்தையும் குளத்தில் இறங்கக்கூடாது. கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைக்க வேண்டும். வலப்பக்கம், ஒவ்வொன்றுக்கும் எதிரே, தலைகீழ் எழுத்துகளும் அம்புகளும் அடைப்புக்குறிகளுமாக ஒரு வரி.

உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. "இந்த ரூம்ல யாராவது ஃபேன் போடுவாங்களா சார்?" என்றான் கமா.

"போடுவாங்க" என்றார் சூத்திரம். அசையவில்லை.

கமா தானே எழுந்து போய்ப் போட்டான்.

அண்ணி விஷயத்தைச் சொன்னாள். சூத்திரம் ஒரு கோப்பை உருவி, ஒரு தாளைப் பிரித்து வைத்தார்.

"கவிழ்ந்து கிடக்கிற இந்த ஏ இருக்கே, அதுக்கு 'ஒவ்வொரு'ன்னு அர்த்தம். தமிழ்ல படிக்கிறேன், கேளுங்க. ஒவ்வொரு எக்ஸுக்கும், எக்ஸ் ஒரு காப்பாளரா இருந்து, எக்ஸ் டியூட்டியிலயும் இருந்தா, எக்ஸ் சம்மதிச்சிருக்கணும்."

"யார் சார் இந்த எக்ஸ்? அவனைப் பிடிச்சா கேஸ் முடிஞ்சிடுமா?"

"எக்ஸ் யாரா வேணா இருக்கலாம் தம்பி. நீங்க, நான், இந்த ஃபேன்."

"சந்தேகப் பட்டியல் நீளமா இருக்கும்போல இருக்கு அண்ணி. ஃபேனையும் விசாரிக்கணும்."

"பொதுவா இதுல ரெண்டே பாடம்தான்" என்றார் சூத்திரம். தன் தொழிலைப் பற்றிப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் குரலில் வந்துவிட்டது. "வாக்கியத்துல 'எல்லா'ன்னு வந்தா நடுவுல 'என்றால்' போடணும். 'சில'ன்னு வந்தா 'மேலும்' போடணும். மாத்திப் போட்டா எல்லாம் நாசம். 'டியூட்டியில உள்ள எல்லாரும்'னு சொன்னா நான் என்ன எழுதறேன்? டியூட்டியில இருக்கார் என்றால், சம்மதிச்சிருக்கார். அவ்வளவுதான். டியூட்டியில இருக்கார்னு நான் சத்தியம் பண்ணலை. 'சில காப்பாளர்கள் சம்மதிச்சாங்க'ன்னு எழுதினா மட்டும்தான், அங்கே ஒரு ஆள் இருக்கார்னு சொன்னதா ஆகும்."

அண்ணி தாளின் மேல் குனிந்தாள். "இந்த வரி பொய்யாகணும்னா என்ன வேணும்?"

"டியூட்டியில இருந்துக்கிட்டு, சம்மதிக்காத ஒரு ஆள். ஒரே ஒருத்தர் போதும்."

"அப்படி ஒருத்தர் கிடைக்கலைன்னா?"

"வரி உண்மை. கதவு திறக்கும்."

"டியூட்டியில ஆளே இல்லைன்னா?"

சூத்திரம் முதல்முறையாகச் சிரித்தார். "ஆளே இல்லாத இடத்துல, சம்மதிக்காத ஆளை எங்கே போய்த் தேடுவீங்க?"

அண்ணி மெல்லத் திரும்பிக் கமாவைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, அப்படிப் பார்க்கறீங்க?"

"உன் காதலிகள் எல்லாரும் அழகிங்க. கதவு திறந்தப்போ டியூட்டியில இருந்தவங்க எல்லாரும் சம்மதிச்சாங்க. ரெண்டும் ஒரே சங்கதிடா." காகிதத் துண்டை மேஜையில் வைத்தாள். "மை தீரலை. இது அச்சடிக்க வேண்டிய பேரை எல்லாம் ஒழுங்கா அச்சடிச்சிருக்கு. பேர்தான் இல்லை."

கமாவின் வாய் மூட மூன்று வினாடி ஆயிற்று. அவன் வரலாற்றிலேயே அதுதான் நீளமான மௌனம். "அப்போ ஒரு மணி ஆறு நிமிஷத்துக்கு மூணு துளையும் காலி. எவனோ நிதானமா வந்து பச்சைப் பட்டனை அமுக்கிட்டு உள்ளே போயிருக்கான். இந்த ஓட்டை தெரிஞ்சது யாருக்கு?" பார்வை மெல்லச் சூத்திரத்தின் மேல் இறங்கியது. "சார், நேத்து மத்தியானம் நீங்க எங்கே?"

"இங்கேதான். கீழே சைக்கிள் கடைக்காரர்கூடச் சாப்பிட்டேன். கேட்டுக்குங்க. ஆனா ஓட்டை எனக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம் இல்லை." சூத்திரம் இன்னொரு தாளை எடுத்தார். "பொட்டியை மாட்டறதுக்கு முன்னாடியே நூலகத்துக்கு ரிஜிஸ்டர் தபால் போட்டேன். 'உங்கள் வாக்கியத்தைப் படிப்பவர் அங்கே ஒரு காப்பாளர் இருப்பதாக எடுத்துக்கொள்வார். சூத்திரம் எடுத்துக்கொள்ளாது. குறைந்தது ஒருவர் பணியில் இருக்க வேண்டும் என்று இன்னொரு வரி சேர்க்கட்டுமா?' ஒரு வாரத்துல பதில் வந்தது. 'எழுதியதை மாற்ற வேண்டாம்.' ஆபீஸ் முத்திரை இருக்கு. கையெழுத்து இல்லை."

"தபாலை வாங்கினது யாரு?"

ஒப்புகைச் சீட்டு அதே தாளில் குண்டூசியால் குத்தியிருந்தது. அதில் இருந்த கையெழுத்தை அன்று மதியம்தான் இருவரும் பார்த்திருந்தார்கள், ஒப்பந்தப் படிவத்தின் அடியில்.

பகல் காப்பாளரின் கையெழுத்து.

கமா மெதுவாக விசிலடித்தான். "நம்ம கட்சிக்காரங்களே நமக்கு எதிர்க்கட்சி ஆயிட்டாங்களே அண்ணி."

அண்ணி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "சார், நீங்களும் வரணும். மூணு பேர் ஸ்கூட்டர்ல போகலாமா?"

"போகலாம்" என்றார் சூத்திரம். "சட்டப்படியான்னு நீங்க கேட்கலை."

மூன்றாவது மாடிக்குத் திரும்பியபோது பகல் காப்பாளர் நாற்காலியில் இருந்தாள். அண்ணி கேட்ட முதல் கேள்விக்கே அவள் எழுந்து, தன் அட்டையைத் துளையிலிருந்து உருவிக்கொண்டு மாடிப்படி நோக்கி நடந்துவிட்டாள். கேள்வி இதுதான்: ஒரு மணி ஆறு நிமிஷத்துக்கு உன் அட்டை எங்கே இருந்தது? சாப்பிட்டுத் திரும்பியிருந்த மாலைக் காப்பாளர் தன் அட்டையைச் செருகிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அண்ணியும் கமாவும் பின்னாலேயே போனார்கள். படிக்கட்டின் உச்சியில் இன்னொரு கதவு. அதே அட்டையைக் காட்டியதும் அது திறந்தது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஒரு காது கிழிந்த சாம்பல் பூனை, வரவேற்பது போல உடம்பை முறுக்கிக்கொண்டு எழுந்தது.

"ஒரு மணிக்கு இதுக்குச் சாப்பாடு" என்றாள் பகல் காப்பாளர். "தினமும் மாலைக் காப்பாளர் வந்ததும் வருவேன். நேத்து அவர் வரலை. இது கத்தறது கீழே வரைக்கும் கேட்டுது. சீஃப் சார் காதுல விழுந்தா கார்ப்பரேஷன் வண்டியில பிடிச்சுக் கொடுத்துடுவார். அஞ்சு நிமிஷம்தானேன்னு அட்டையை உருவிட்டு ஓடியாந்தேன். உருவாம இந்தக் கதவு திறக்காதே."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா?"

"வேலை போயிடும் மேடம். விதி ஒன்பது. ஆள் மாத்தாம சீட்டை விட்டு எழுந்தா, தலைமைப் பொறுப்புல இருக்கிற எல்லாரும் மன்னிச்சாத்தான் வேலையில இருக்கலாம். பொறுப்புல இருக்கிறது சீஃப் சார் ஒருத்தர்தான். அவர் யாரையும் மன்னிச்சு நான் பார்த்ததில்லை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் திருடலை. அது எப்படியும் தெரிஞ்சுடும்னு நினைச்சேன். சீட்டுல இல்லைன்னு தெரிஞ்சா மட்டும் தப்பிக்க முடியாது. வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்தி."

"சீட்டுல இருந்தேன்னு சொன்ன பொய்தான் அக்கா உங்களைத் திருடி ஆக்கிச்சு" என்றான் கமா. "இல்லைன்னு சொல்லியிருந்தா கதவுதான் முழிச்சிருக்கும்."

"பூட்டுக் கம்பெனியில இருந்து வந்த தபாலை நீங்கதான் வாங்கியிருக்கீங்க" என்றாள் அண்ணி.

"எல்லாத் தபாலையும் நான்தான் வாங்குவேன். பிரிக்காம பொது மேஜையில வெப்பேன். சீஃப் சார் எடுப்பார், மாலைக் காப்பாளர் எடுப்பார், நானும் எடுப்பேன். யார் பிரிச்சாங்கன்னு சத்தியமா தெரியாது."

மணி மூன்று ஐம்பது. கீழே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"மூணு பேர்ல ஒருத்தருக்கு அந்த ஓட்டை தெரியும் அண்ணி" என்றான் கமா. "கேட்டா மூணு பேரும் தெரியாதுன்னுதான் சொல்லப் போறாங்க. எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கேட்கப் போறதில்லை" என்றாள் அண்ணி.

இரும்புக் கதவின் முன்னால் ஏழு பேர். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம்தான் அண்ணி. அதுக்கு மேல நான் என் வேலையைப் பார்க்கணும்."

"மூணு நிமிஷம் போதும். ஒரு சின்னச் சோதனை. இந்தப் பொட்டி ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்த்துட்டு நீங்க இவங்களைக் கூட்டிட்டுப் போகலாம்."

தலைமை நூலகர் பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

"பகல் காப்பாளர் அட்டை ஏற்கெனவே கையில இருக்கு. மாலைக் காப்பாளர், உங்க அட்டையையும் உருவிடுங்க."

மாலைக் காப்பாளர் கொட்டாவி விட்டபடியே உருவினார். அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தார். பகல் காப்பாளர் தரையைப் பார்த்தபடி நின்றாள். சூத்திரம் பென்சிலால் காதைச் சொறிந்தார்.

"இப்போ டியூட்டியில யாருமே இல்லை. சார் சொன்ன மாதிரி கதவு கல்லு மாதிரி நிக்கணும். இன்ஸ்பெக்டர், அந்தப் பச்சைப் பட்டனை அழுத்துங்க."

இன்ஸ்பெக்டர் விரலை நீட்டினார்.

சர்ரென்று பிளாஸ்டிக் கிழிகிற சத்தம். அதைத் தொடர்ந்து ஒரு 'கிளிக்'.

பட்டன் அழுந்தியது. கதவு அசையவில்லை.

"பார்த்தீங்களா? நான்தான் சொன்னேனே" என்றார் தலைமை நூலகர். நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. "கல்லு மாதிரி."

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள். மூன்றாவது துளையில் ஒரு புத்தம் புது அட்டை. துளையின் ஓரத்தில் கிழிந்த பிளாஸ்டிக் உறை தொங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருஷமா உரிக்காத உறை சார். இன்னைக்கு என்ன அவசரம்?"

"அது வந்து... காவல் இல்லாம விடக்கூடாது. நிர்வாக ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கில்ல."

"ஏழு பேர் கண்ணு முன்னால நிக்கிறோம். அதுல ஒருத்தர் போலீஸ். இதுக்கு மேல என்ன காவல்?" அண்ணியின் குரல் உயரவே இல்லை. "ஆள் இல்லைன்னா கதவு திறக்காதுன்னு நிஜமாவே நம்பறவர், கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்ப்பார். மாலைக் காப்பாளரைப் பாருங்க, கொட்டாவி விடறார். திறந்துடும்னு தெரிஞ்சவர்தான் பாய்ஞ்சு போய் அட்டையைச் செருகுவார். அட்டை உள்ளே, விரல் வைக்கலை. டியூட்டியில இருந்துக்கிட்டுச் சம்மதிக்காத ஒரு ஆள். ஒரே ஒருத்தர் போதும்னு சூத்திரம் சார் சொன்ன அதே ஒருத்தர்."

"கோழி கிளறின மண்ணுன்னு சொன்னீங்களே சார். நல்லாவே வாசிக்கறீங்க" என்றான் கமா.

இன்ஸ்பெக்டர் மூன்றாவது அட்டையைத் தானே உருவினார். மறுபடி பட்டனை அழுத்தினார்.

கதவு, எண்ணெய் போட்டது போல, சத்தமில்லாமல் திறந்தது. பெட்டி ஒரு காகிதத்தைத் துப்பியது. பணியில் உள்ள எல்லாரும் சம்மதமா: ஆம். சம்மதித்தவர்கள்: வெள்ளை. மேலே இருந்த எழுத்துகள் கன்னங்கரேலென்று மின்னின.

"மை நிறையவே இருக்கு" என்றாள் அண்ணி. "மாலைக் காப்பாளர், நேத்து ஏன் லேட்டு?"

"லேட்டு இல்லைம்மா. பன்னிரண்டு ஐம்பத்தஞ்சுக்கே வந்துட்டேன். சீஃப் சார்தான் கீழ் ஹால்ல ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நில்லு, பல்பு எடுத்துட்டு வரேன்னு போனார். யாரும் ஏறாத ஏணியைக் கால் மணி நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"இதை ஏன்யா யார்கிட்டயும் சொல்லலை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"யாரும் கேட்கலையே சார்."

கமா அதற்குள் தலைமை நூலகரின் அறையில் இருந்தான். சுவரிலிருந்த பெரிய சட்டத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் கவிழ்த்தான். "ஜன்னல்ல மாடிப்படி தெரியுது அண்ணி. பூனைச் சாப்பாட்டு நேரம் சாருக்கு எப்பவோ மனப்பாடம். படத்துல ஒட்டியிருக்கிற சிப் கேட்டைத் தாண்டினா மணி அடிக்கும், வெளியே கொண்டு போக முடியாது. இவ்வளவு பெரிய சட்டத்தை அறைக்குள்ளேயே வெச்சிருக்கிற மனுஷன் வேற எங்கே ஒளிப்பார்? அட்டை புதுசா ஒட்டியிருக்கு, பசைகூடக் காயலை."

பின் அட்டையைப் பிரித்தான். பழுப்பேறிய தாள் ஒன்று நழுவி விழுந்தது.

அண்ணி சட்டத்தை நிமிர்த்தி, அதன் பக்கத்தில் தாளை விரித்தாள். அதே கரை, அதே வளைவு, அதே முனை. ஒரே ஒரு வித்தியாசம். அட்டைப்படத்தில் பச்சைத் தீவு இருந்த இடத்தில், முந்நூறு வருடத்துக்கு முன்னால் அந்த வழியாகவே கப்பல் ஓட்டிப் போனவன் கடல் ஆழத்தை மட்டும் எழுதி வைத்திருந்தான். வெறும் தண்ணீர்.

"நாளைக்கு வர்ற பொண்ணு இதைப் பார்த்தா..." தலைமை நூலகர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "ஒன்பது பதிப்பும்மா. அந்தத் தீவுல வீடெல்லாம் எந்தப் பக்கம் பார்த்திருந்ததுன்னுகூட எழுதியிருக்கேன்."

சூத்திரம் அனுதாபத்தோடு அவர் தோளைத் தொட்டார். "கவலைப்படாதீங்க சார். தீவே இல்லைன்னா, அதுல இருந்த எல்லா வீட்டையும் பத்தி நீங்க எழுதினது எல்லாமே உண்மைதான்."

ஜீப் கிளம்பும்போது மணி நான்கரை. பின்சீட்டில் போனவர் வேறு ஆள்.

இன்ஸ்பெக்டர் போவதற்கு முன்னால் நூலக அறக்கட்டளைக்குப் போன் செய்து பேசியிருந்தார். அந்த நிமிஷத்திலிருந்து தலைமை நூலகர் பொறுப்பில் இல்லை. புது ஆள் திங்கட்கிழமைதான் வருவார். அதுவரை எல்லாம் விதிப்புத்தகப்படி.

பகல் காப்பாளர் அட்டையைக் கையில் வைத்தபடி பெட்டியின் முன்னால் நின்றாள். செருகவில்லை.

"திருடி இல்லைன்னு ஆயிடுச்சு மேடம். அது போதும்" என்றாள். "ஆனா சீட்டுல இல்லைன்னு எல்லார் முன்னாலயும் தெரிஞ்சு போச்சே. விதி ஒன்பது இருக்கு. மன்னிக்கவும் இப்போ ஆள் இல்லை."

சூத்திரம் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "விதி ஒன்பதும் நான் குறியா மாத்தினதுதான். தலைமைப் பொறுப்புல இருக்கிற எல்லாரும் மன்னிச்சா, வேலையில இருக்கலாம். சரிதானே?"

"ஆமா."

"இப்போ பொறுப்புல இருந்துக்கிட்டு, உங்களை மன்னிக்காத ஒரு ஆளைக் காட்டுங்க பார்ப்போம்."

அவள் சுற்றிலும் பார்த்தாள். காலி அறையைப் பார்த்தாள். ஒன்றும் புரியாமல் கமாவைப் பார்த்தாள்.

"என் காதலிங்க மாதிரிதான் அக்கா" என்றான் கமா. "எல்லாரும் ஒருமனதா மன்னிச்சுட்டாங்க. அட்டையைச் செருகுங்க."

அவள் இன்னும் தயங்கினாள். பிறகு, மேலே பூனை ஒருமுறை கத்தியது காதில் விழுந்ததும், சட்டென்று சிரித்துவிட்டாள். அட்டை முதல் துளைக்குள் போய் உட்கார்ந்தது.

"அந்த விட்டுப்போன வரி?" என்றாள் அண்ணி. "குறைஞ்சது ஒருத்தர் இருக்கணும்னு?"

சூத்திரம் பென்சிலை நாக்கில் தொட்டு, தாளில் எழுத ஆரம்பித்தார்.

"கதவுக்கு இன்னைக்கே சேர்த்துடறேன் மேடம். விதி ஒன்பதுக்கு..." பகல் காப்பாளரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "திங்கட்கிழமை ஞாபகப்படுத்துங்க."